பாவாவுக்காகப் போட்ட தோட்டம்

அந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி வந்து வேப்பமரத்தடியில் போட்டவன் நான்தான். பாவா அதில் நிம்மதியாக உட்கார வேண்டும் என்பதற்காகவே மொத்தத் தோட்டமும் போட்டோம். முதல் இரண்டு மாதம் அதில் காக்கைதான் உட்கார்ந்தது.

பாவா என் அக்காவின் கணவர். திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை மடங்கியபோது, மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது, ரத்தக்கொதிப்பு ஏறினால் இன்னொரு முறை தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் கோலமாவால் கோடு போட்டேன். நடக்க ஒரு பாதை, ஓரத்தில் துளசி, நாற்காலிக்கு எதிரே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இரண்டு பாத்தி சாமந்தி. அதோடு விட்டிருக்கலாம். நாற்று நட்ட ஈரக் கையோடு அக்கா திருத்தணி மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "முருகா, இவர எனக்கு வுட்டுக்குடு. இந்தப் பூவுலயே ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துகினு வர்றேன்."

பக்கத்தில் நின்றிருந்த பாவாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். பூ வந்தால் உயிரோடு இருப்போம், வராவிட்டால் இல்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து காலை இழுத்து இழுத்துப் பாத்தியைச் சுற்றினார். மொட்டுகளை எண்ணினார். மலையிலிருந்து இறங்கும் குரங்குகளை இடது கையில் கம்பெடுத்து விரட்டினார். ரத்தக்கொதிப்பு நாளுக்கு நாள் ஏறியது. நாற்று விற்றவர் கொடுக்கும்போதே என்னிடம் சொல்லியிருந்தார்: "கிருத்திகைக்கு வராதுங்க. பதினஞ்சு நாள் தள்ளித்தான் பூக்கும்." அழகுக்குத்தானே என்று வாங்கி வந்தேன். அக்கா வேண்டிக்கொண்ட பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

கிருத்திகைக்கு முதல் நாளும் மொட்டுகள் பச்சையாக இறுகியே இருந்தன. பாவா சாப்பிடவில்லை. "வராதா மச்சான்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். "வந்துடும் பாவா" என்றேன்.

விடியற்காலையில் கடைத்தெருவுக்கு ஓடி உதிரிப்பூ வாங்கி வந்தேன். அவர்கள் எழுவதற்குள் செடிக்குச் செடி வெள்ளை நூலால் பூவைக் கட்டினேன். கடைசி முடிச்சுப் போட்டு நிமிரும்போது பாவா பின்வாசற்படியில் நின்றார். வெகுநேரம் பாத்தியைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றுதான் முதல் முறை.

அக்கா கூடையோடு வந்தாள். முதல் பூவைத் தொட்ட விரல் அப்படியே நின்றது. நூல் தட்டுப்பட்டுவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் பாவா அங்கேயே சரிந்துவிடுவார் என்று பயந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நூலோடு சேர்த்துப் பூவைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். அடுத்ததையும் அப்படியே.

காவடியோடு படியேறி மேலே போனதும், "அக்கா, அது வந்து..." என்று இழுத்தேன். சன்னிதியைப் பார்த்தபடியே, "நீ வாய மூடு. முருகங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

பதினைந்தாம் நாள் இரண்டு பாத்தியும் ஒன்றாகப் பூத்தன. அக்காவும் நானும் இனி மறைக்க முடியாதே என்று பின்வாசலில் நின்றோம். பாவா நாற்காலியிலிருந்து குனிந்தார். மடங்கிய வலது கையாலேயே ஒரு பூவைக் கிள்ளப் பார்த்து, முடியாமல், மறுபடி முயன்று, கிள்ளி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு நூலு கட்டாம வுட்டுட்டியே, மச்சான்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

போன வாரம் அங்கே போயிருந்தேன். நாற்காலியின் நீலம் வெளுத்துவிட்டது. பாத்திக்குள் ஒரு குரங்கு சாவகாசமாக உட்கார்ந்து சாமந்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பாவா நாற்காலியில் சாய்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பு பக்கத்தில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை.