காம்பரா முழுக்க விழ வேண்டிய படம்

சித்தி குவைத்துக்குப் புறப்பட ஒரு வாரமே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டு வேலை ஒப்பந்தம். மூன்று மகள்களும் அதுவரை எங்கள் அம்மாவோடு இருப்பார்கள் என்று முடிவாகியிருந்தது. கையோடு கொண்டுபோக அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பிள்ளைகளோடு தாம் இருக்கும் ஒரு படம்.

"டவுன் ஸ்டூடியோவுக்குப் போவோமே சித்தி" என்றேன்.

"அங்க போனா முதுகுக்குப் பின்னாடி சுவிட்சர்லாந்து மலை நிக்கும். வேறொருத்தன் மலைய நான் எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்? என் காம்பரா முழுக்க விழணும்."

படத்தில் இடம்பெறுவதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 'விழுவது' என்றே சொல்வோம். காம்பரா என்பது லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டில், ஒரு குடும்பத்துக்குரிய அறை. அடுப்பும் கட்டிலும் சாமிப்படமும் அதற்குள்ளேயே. புகையேறிய சுவர், ஒரே சன்னல், வெளியே எங்கள் ஊர் நிவித்திகலையின் ஓயாத மழைமூட்டம். என் கேமராவின் சென்சர் சிறியது; எந்த லென்ஸைப் பொருத்தினாலும் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும். எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றாலும் இரண்டு பிள்ளைகள்தான் விழுந்தார்கள். ஃபிளாஷ் அடித்தால் கடைக்குட்டி கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவாள். ஆக, அகலமும் வேண்டும், மங்கிய ஒளியிலும் விரைந்து படம்பிடிக்கும் திறனும் வேண்டும்.

இரத்தினபுரியில் பழைய கேமராக்கள் விற்கும் முஸ்லிம் பெரியவரின் கடைக்குப் போனேன்; அவரை எல்லாரும் நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தார். முதலாவது, பத்து மில்லிமீற்றரில் தொடங்குவது.

"இதப் போட்டா பக்கத்துக் காம்பராவும் சேர்ந்து விழும் தம்பி."

உண்மைதான். ஆனால் அதில் ஒளி புகும் துவாரம் குறுகியது; அசையும் குழந்தை அந்த இருட்டில் வெறும் புகையாகிவிடுவாள். இரண்டாவது, முப்பத்தைந்து; ஒளியை வாரிக் குடிக்கும், அகலம் போதாது. மூன்றாவது, பதினாறு மில்லிமீற்றர். துவாரம் ஒன்று புள்ளி நான்கு வரை அகலத் திறக்கும். பட்டிமன்றங்களில் பேசுகிறவன் நான்; எதிரணியின் வாதத்தைச் சோதிக்காமல் ஏற்றுப் பழக்கமில்லை. பின்னறைக் கதவைச் சாத்தி, நானாவை மூலையில் நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். இருட்டை வென்றது, அறையும் அடங்கியது. ஆனால் ஓரத்தில் நின்ற நானாவின் கன்னம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது.

"சரி, சரி, என்னப் பலாப்பழமாக்கிட்டீங்க" என்று சிரித்தார். "ஓரத்துல ஆள நிறுத்தாதீங்க. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தானா? எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் சித்தி கதவுநிலையைப் பிடித்தபடி ஓரத்தில்தான் நிற்கிறார். சிலவற்றில் பாதிச் சித்தி; ஒன்றில் சேலைத் தலைப்பு மட்டும். அவரை நடுவே கொண்டுவர முடியும் என்று நம்பித்தான் அந்த லென்ஸை வாங்கினேன்.

ஞாயிறு பகல் கேமராவோடு போய் நின்றேன். சித்தி நேரே கதவோரம் போனார்.

"நடுவுல வாங்க சித்தி."

"நடுவுல நிக்க நான் என்ன மாலை போட்ட மந்திரியா? புள்ளைங்கள நடுவுல விடு."

லென்ஸின் இயல்பை விளக்கினேன். கன்னம் இழுபடும் என்றேன்.

"இழுபடட்டும். குவைத்துல கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கும்."

பிள்ளைகள் குலுங்கிச் சிரித்தார்கள். நான் அடுக்கிய நியாயங்கள் அனைத்தையும் அவர் இப்படியே தட்டிவிட்டார். கடைசியில், மேடைக் குரலை விட்டுவிட்டுச் சொன்னேன்:

"நீங்க பார்க்க மட்டுமா சித்தி இந்தப் படம்? இதுங்களும் பார்க்குமே. அம்மாவ ஓரத்துல தேடணுமா?"

சித்தி கதவுநிலையை விட்டார். அடுப்புக்கு முன்னால், நடுவில் வந்து உட்கார்ந்து, கடைக்குட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டார். மற்ற இருவரும் தோளில் சாய்ந்தார்கள். எடுத்தேன்.

கேமராத் திரையை நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் விழுந்திருக்கு" என்றார். பிறகு, "ரெண்டு போடு. ஒன்னு எனக்கு. இன்னொன்ன இங்கேயே மாட்டு, இவளுங்களுக்கு எட்டாத உசரத்துல."

"ஏன் சித்தி?"

"எட்டுனா, தடவித் தடவியே என் மூஞ்சிய அழிச்சிருவாளுங்க."