முந்திரிப் பெட்டியோடு வீடு பார்க்கப் போனோம்

அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவளுக்கு அது உரிமையாகவே கிடைத்துவிடுகிறது. குழாயைத் திறந்து பார்க்கலாம், சமையலறை அலமாரியைத் தொட்டுப் பார்க்கலாம், போன குடித்தனக்காரர்கள் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டே அங்கே என்ன மாட்டியிருப்பார்கள் என்று யோசிக்கலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சிதம்பரத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்த வருடம் எனக்கு அந்தச் சந்தோஷம் வஞ்சனையில்லாமல் கிடைத்தது.

நாங்கள் கடலூர் முதுநகர். ரயில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வீடு. அப்பா துபாயில் வெல்டிங் வேலையில் இருந்தார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். எனக்கு விடுதியில் சேர ஆசைதான். கட்டிலுக்கு மேலே கட்டில், நான்கு பெண்கள், கொசுவலை என்று கற்பனையெல்லாம் செய்து வைத்திருந்தேன். ஆனால் அம்மாவுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிட்டால் மாதக்கணக்கில் வராது. வந்தால் பெரும்பாலும் விடியற்காலையில், எழுந்திருக்கும் நேரத்தில் வரும். தினமும் ரயிலில் போய் வரலாமே என்று அப்பா வீடியோ காலில் யோசனை சொன்னார். நான் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டிய நேரமும் அம்மாவுக்கு வலிப்பு வரும் நேரமும் ஒன்றுதான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆக, அம்மாவும் என்னோடு வர வேண்டும். தையல் மெஷின் போட ஒரு ஜன்னலோரம் வேண்டும். கல்லூரி திறப்பதற்குள் வீடு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நான் விடுதிக்குப் போவேன், அம்மா முதுநகரில் தனியாக இருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதலில் சந்தித்தது என் சீனியரைத்தான். முதல் வருடம் முடித்தவர்கள் தங்கள் எலும்பு செட்டைப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். உடற்கூறு படிக்க எலும்பு வேண்டும், அரை செட் போதும். ஒரு மண்டையோடு, ஒரு பக்கத்துக் கை, ஒரு பக்கத்துக் கால், கொஞ்சம் விலா, முதுகெலும்பு. சீனியருக்கு அண்ணாகிராமம் பக்கம். அவள் வீட்டில் முந்திரி வியாபாரம். அதனால் அந்த அரை மனிதரை முந்திரி அட்டைப்பெட்டியில் போட்டு, சணல் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"பஸ்ல யாராச்சும் கேட்டா முந்திரின்னு சொல்லிடு. நான் ஒரு வருஷம் அப்படித்தான் ஏமாத்தினேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அம்மா பெட்டிக்குச் சிலுவை அடையாளம் போட்டாள். "யாரு பெத்த புள்ளையோ" என்றாள். எனக்கோ அங்கேயே கயிற்றை அவிழ்த்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. இந்த ஆள் குள்ளமா நெட்டையா, என்ன வேலை செய்தார், கடைசியாக என்ன சாப்பிட்டார்? ஆட்டோவில் ஏறியதும் ஆட்டோக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன்.

முதல் வீடு தெற்கு வீதிக்குப் பின்னால் இருந்தது. அம்மா யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போக மாட்டாள், அது வாடகைக்குப் பார்க்கப் போகிற வீடாக இருந்தாலும் சரி. ஊரிலிருந்தே பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அங்கே இருந்த பெரியவர் பழத்தை வாங்கிக்கொண்டு, "கவுச்சி சமைப்பீங்களா?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை தொட மாட்டோங்க" என்றாள் அம்மா, பெருமையாக.

மற்ற நாட்களைப் பற்றி அவருக்குக் கவலை வந்துவிட்டது. பழத்தோடு கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாவது வீட்டில் எல்லாம் கூடி வந்தது. மீன் சமைக்கலாம், மெஷின் போடலாம், கொல்லையில் கொய்யா மரம் வேறு. கிளம்பும்போது அம்மா, "ஒண்ணு சொல்லிடறேங்க, எனக்கு எப்பவாச்சும் வலிப்பு வரும்" என்றாள். அந்த வீட்டுப் பெண் முகம் சட்டென்று மாறியது. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு, பயந்துவிடும், வேறு இடம் பாருங்கள் என்றாள். நல்ல விதமாகத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"இனிமே சொல்லாதம்மா" என்றேன் தெருவுக்கு வந்ததும்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, சொல்லல" என்றாள் கொஞ்ச தூரம் நடந்த பிறகு.

மூன்றாவது வீட்டைப் பற்றிச் சொன்னது ஒரு பூக்காரம்மா. அதே தெருவின் கடைசியில் மாவு அரைத்து விற்கிற அக்கா இருக்கிறார், மாடி காலியாக இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்றார். எதிர்பாராமல் கிடைத்த தகவல். பழம் தீர்ந்துபோயிருந்தது. அக்கம்பக்கத்தில் பழக்கடையும் இல்லை. அம்மா வெறுங்கையோடு போகிறோமே என்று புலம்பிக்கொண்டே வந்தாள். நான் கதவைத் தட்டிவிட்டேன்.

மாவுக்கார அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கை வரை மாவு. பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. நாங்கள் யார் என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மகன் பெங்களூரில், தான் மட்டும் இங்கே, மாடி சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் வாசற்படியைத் தாண்டுவதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் பெரிய எழுத்தில் முந்திரி என்று அச்சடித்திருந்தது.

"ஐய, எதுக்குங்க இதெல்லாம்? வீடு பாக்க வந்தவங்க இவ்ளோவா தூக்கியாருவாங்க?" கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நல்ல கனமா இருக்கே!"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் திறந்தாள். அவள் முகத்தில் நான் கண்டது பயம் இல்லை, வெட்கம். இல்லைங்க, அது உங்களுக்கு இல்லை, நாங்கள் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்வது அம்மாவால் முடியாத காரியம். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு சிரித்தாள். எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அதற்குள் அந்த அக்கா நேராக சாமி அறைக்குப் போய்விட்டார். அவர்கள் வீட்டில் யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் எடுப்பார்களாம். நடராஜர் படத்துக்குக் கீழே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அந்த அரை மனிதர் போய் உட்கார்ந்தார்.

மாடியைப் போய்ப் பார்த்தோம். நான் இதுவரை பார்த்ததிலேயே எனக்குப் பிடித்த வீடு அதுதான். கிழக்கே பெரிய ஜன்னல்; மெஷினுக்கென்றே யாரோ வைத்தது போல. சமையலறைச் சுவரில் முன்பு யாரோ ஒரு குழந்தையின் உயரத்தைக் குறித்த கோடுகள். பாத்ரூம் குழாயில் நல்ல தண்ணீர். பின்பக்கம் தனிப் படிக்கட்டு. "மீனு ஆக்கிக்குங்க, எனக்கொண்ணும் இல்ல. ஜன்னல மட்டும் தெறந்து வையுங்க" என்றார் அக்கா. அம்மா ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றாள். எனக்கு அந்த வீட்டின் மேல் ஆசையோ ஆசை, ஆனால் நினைப்பெல்லாம் கீழே சாமி அறையில் இருந்த பெட்டி மேல்.

கீழே இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம். "உக்காருங்க, காப்பி போடறேன். மொதல்ல உங்க முந்திரியில ஒரு கைப்பிடி சாமிக்கு வெச்சிட்டு வந்துடறேன்" என்று கத்தியை எடுத்துக்கொண்டு கயிற்றை அறுக்கப் போனார்.

"அக்கா, வேணாம்!" என்று நான் கத்தியது வீதி வரை கேட்டிருக்கும். "அதுல முந்திரி இல்ல."

"பின்ன?"

"எலும்பு."

"என்னா எலும்பு?"

"மனுஷ எலும்பு. படிக்கிறதுக்கு."

அவர் கத்தியோடு அப்படியே நின்றார். பிறகு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார். அதற்கப்புறம் எங்களுக்குக் கிடைத்தது காப்பி இல்லை. "பொணத்தக் கொண்டாந்து சாமிக்கு முன்னால வெச்சிட்டு மாடியில நின்னு தண்ணி வருதான்னு பாக்கறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா? தூக்குங்க மொதல்ல! நான் தொட மாட்டேன்!" அம்மா ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். அக்கா மஞ்சள் தண்ணீரைக் கரைத்து அறை முழுக்கத் தெளித்தார். என் மேலும் கொஞ்சம் விழுந்தது.

வீடு போயிற்று என்று நினைத்தேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகை ஓய்ந்தபோது கொல்லைக் கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டது கதவு.

"தெரியல அக்கா. இன்னும் படிக்கல."

"தெறந்துதான் காட்டேன்."

எனக்கும் அதுதானே வேண்டும்! கயிற்றை அவிழ்த்தேன். பழுப்பேறிய எலும்புகள், சிலவற்றின் மேல் சீனியர் பேனாவால் எழுதியிருந்தாள். அக்கா பக்கத்தில் வந்து, தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முன்கை எலும்பு இரண்டையும் எடுத்துச் சேர்த்துக் காட்டினேன்.

"நமக்கு இங்க ரெண்டா இருக்கு?" தன் மாவுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாவு தள்ளும்போது ரெண்டும் சேந்துதான் வேல செய்யுமா?"

ஒன்றின் மேல் ஒன்று புரள்கிறது என்று சீனியர் முன்பு போனில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவருக்கு இருந்த ஆர்வம் எனக்கு இருந்ததைவிட ஜாஸ்தி என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு திடீரென்று நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் என்னா மறைச்சி வெச்சிருக்கீங்க?"

நான் அம்மாவின் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வலிப்பு வருங்க்கா. விடியக்காலத்துல வரும். இதுக்கு முன்னால போன வீட்டுல அதச் சொன்னதுக்குத்தான் குடுக்கல. பொண்ணு சொல்லாதன்னு சொன்னா. மறைச்சிட்டுக் குடி வந்து, ஒரு நாளு நீங்க பாத்துப் பயந்துட்டா நல்லாருக்காது."

உள்ளே கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா போய் அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"விடியக்காலம் நான் முழிச்சிதான் இருப்பேன். மாவு ஆட்டணும்ல" என்றார். "வந்தா நான் என்னா பண்ணணும்? இரும்பக் கையில குடுக்கணும்னு சொல்லுவாங்க. சாவிக்கொத்து எப்பவும் எங்கிட்ட இருக்கும். அது போதுமா?"

"இரும்பெல்லாம் வேணாம் அக்கா. கையிலயும் ஒண்ணும் குடுக்காதீங்க, வாயிலயும் வெக்காதீங்க. அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஒருக்களிச்சிப் படுக்க வெச்சிட்டு, அடங்குற வரைக்கும் பக்கத்துல இருந்தா போதும். ரொம்ப நேரம் நிக்கலன்னா மட்டும் ஆம்புலன்ஸ்."

"வாயால சொன்னா எனக்கு ஏறாது பாப்பா. படு, காட்டு."

கொல்லைச் சிமெண்ட் தரையில் படுத்தேன். மாவுக்கார அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து, தோளையும் இடுப்பையும் பிடித்து என்னை ஒரு பக்கமாகப் புரட்டினார். தலை தரையில் இடிக்காமல் தன் முந்தானையைச் சுருட்டிக் கீழே வைத்தார். அதை நான் சொல்லவே இல்லை. "சரியா?" என்றார். சரி என்றேன். "இன்னொரு தரம்" என்று மறுபடியும் புரட்டினார். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், அழவும் செய்தாள்.

"அந்தப் பொட்டி மாடியிலயே இருக்கட்டும். நான் வெளக்கேத்துற நேரத்துல வெளிய எடுக்காத" என்றார் அக்கா எழுந்துகொண்டே. "அப்ப சாவி வேணாங்கிற?"

"வேணாம் அக்கா."

இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தார். அதில் ஒன்றைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"மாடிச் சாவி. இத சும்மாவே வெச்சிக்குங்க."

பஸ்ஸில், ரயில் பிளாட்பாரத்தில், கோயில் வாசலில் என்று அம்மாவின் கையில் யார் யாரோ சாவியைத் திணித்திருக்கிறார்கள். நினைவோடு இருக்கும்போது அவள் வாங்கிக்கொண்டது அதுதான் முதல்.