குதித்தவனும் கால் நனைத்தவளும்

நீச்சல் மாஸ்டர் முதுகில் இருந்த மச்சம் ஊரறிந்த மச்சம். ஆயுசு முழுக்க நீச்சல் குளத்தோரம் வெயிலில் வெற்று முதுகோடு நின்ற மனிதர்; சட்டை போட்டால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. அந்த மச்சம் அரிக்கிறது என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மகள் பிடித்துக்கொண்டாள்.

“புற்றுநோயா இருந்தா என்னப்பா பண்றது? உடனே காட்டணும்.”

ஊரில் தோல் டாக்டர்கள் இரண்டே பேர். இருவருமே மாஸ்டரிடம் நீந்தக் கற்றவர்கள். மகள் சொன்னது பெரிய கிளினிக்கை. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரை அடைத்துக் கேடயங்கள்.

“அவனா? தண்ணி இருக்கா இல்லையான்னு பாக்காமலே குதிப்பாம்மா அவன். அந்தப் பொண்ணுகிட்டப் போவோம்.”

“அவங்க ஒரு ஆளைப் பாக்கவே அரைநாள் ஆக்குவாங்களாம். கூட்டமே கிடையாதுப்பா.”

எப்படி இருக்கும்? மாஸ்டருக்கு அந்தப் பிடிவாதக்காரி நன்றாகவே நினைவிருந்தாள். மற்ற பிள்ளைகள் தொபுக்கடீரென்று விழுந்துகொண்டிருக்க, அவள் படியில் உட்கார்ந்து ஒரு காலை நனைப்பாள், எடுப்பாள். ‘ஆழம் எவ்வளவு மாஸ்டர், அடியில என்ன இருக்கு’ என்று உயிரை வாங்குவாள். எவ்வளவு திட்டியிருக்கிறார்! அந்தக் குளோரின் வாசனையும் பிள்ளைகளின் கூச்சலும் இனி வருமா?

மருந்துக்கடை மாடியில் இருந்தது அவள் கிளினிக். முதுகு மச்சத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “இது ஒண்ணும் இல்ல மாஸ்டர், பனியன் உரசுது” என்றாள். மாஸ்டர் நிம்மதியாகச் சட்டையை எடுத்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க? மிச்சம் பாக்கணும்.”

விரலிடுக்கு, உள்ளங்கால், பிறகு தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து. மகள் பெருமூச்சு விட்டாள். காதுமடலுக்குப் பின்னால் வந்ததும் டாக்டரின் கை நின்றுவிட்டது.

“இந்தக் கறுப்பு எப்ப இருந்து? ஓரமெல்லாம் கோணலா இருக்கு. வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பணும் மாஸ்டர். சின்னதா இருக்கறப்பவே பாத்துட்டோம், அதுவே நல்லது. வீட்ல யார் கண்ணுலயும் படலையா?”

குளத்திலிருந்து வந்ததும் காதுக்குப் பின்னாலெல்லாம் துண்டை வைத்து அழுத்தித் துவட்டுவாள் மனைவி. சளி பிடிச்சா யார் பாக்கறது என்று ஏசிக்கொண்டேதான் துவட்டுவாள். அவள் போனபிறகு அவர் தலையை அவரேதான் துவட்டிக்கொள்கிறார்.

“பாக்கறவ போய்ட்டாம்மா” என்றார் மாஸ்டர். மகள் எதிரில் அழக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தார். அன்று முடியவில்லை.