மாங்கூழ் ஆலையில் ஒரு வௌவால் ஈ

காவேரிப்பட்டினம் சாலையிலுள்ள ஒரு மாங்கூழ் ஆலையில் தரக் கட்டுப்பாட்டுத் தலைவராக நான் பணியாற்றிய கடைசி சீசன் அது. விலங்கியலில் முதுகலை படித்தவன் நான். நான் கையொப்பமிட்ட ரிப்போர்ட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அன்று காலை, ஏற்றுமதி வாடிக்கையாளரின் ஆடிட்டர் பேக்கிங் மேசையில் ஊர்ந்த பூச்சியைக் குப்பியில் பிடித்து மேலாளரிடம் நீட்டிவிட்டார்.

மேலாளர் நேரே என் லேபுக்கு வந்தார். பின்னால் ஹவுஸ்கீப்பிங் சூபர்வைசர் முனிரத்னம்மா.

"சிலந்தி சார். ஒட்டடையே அடிக்கலைன்னு எழுதிடுவார். இந்தம்மாவ இன்னிக்கே நிறுத்திடறேன்."

"நேத்துதான் ஏணி போட்டு அடிச்சேன். எங்க வூட்டக்கூட இப்படி அடிச்சதில்ல. ஒரு நூலு காட்டுங்க, நானே போயிடறேன்" என்றார் முனிரத்னம்மா.

"பார்க்காமல் பெயர் வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

முதலில் எண்ணியது கால்களை. எட்டல்ல, ஆறு; சிலந்தியோ உண்ணியோ இல்லை. இறக்கை கிடையாது. கால்கள் முதுகுப்புறமிருந்து கிளம்பின. தலை, மார்பின் மேலுள்ள பள்ளத்தில் பின்னோக்கி மடிந்து கிடந்தது. பாதங்களில் கொக்கி போன்ற நகங்கள். மார்பின் இருபக்கமும் முரசுக்குச்சி வடிவில் இரு சிறு குமிழ்கள்: ஈ இனத்துக்கே உரிய சமநிலை உறுப்பு. ஐயம் தீர்ந்தது. வௌவாலின் ரோமத்துக்குள் வாழ்ந்து அதன் இரத்தத்தைக் குடிக்கும் ஒட்டுண்ணி ஈ.

"ஈயா? றெக்கையே காணோமே! எங்கிருந்து சார் வருது?" என்றார் முனிரத்னம்மா.

ஜன்னல் வழியே, மதிலுக்கு அப்பால் பழந்தின்னி வௌவால்கள் தொங்கிய ஆலமரத்தைக் காட்டினேன். மாம்பழ வாசனைக்கு அவை வென்டிலேட்டர் வழியே உள்ளே வருகின்றன, அதற்குக் கம்பி வலை அடித்தால் போதும் என்று எழுதியும் கொடுத்தேன். ஆடிட்டர் ஏற்றுக்கொண்டார். முனிரத்னம்மாவின் வேலை தப்பியது.

"சீசன் நடுவுல லைன நிறுத்தி வலை அடிக்கச் சொல்றீங்களே சார்!" என்று மேலாளர் சிரித்தார். மறுநாளே மரத்தடியில் சரவெடி வைத்தார்கள். வௌவால்கள் போகும்வரை தினமும் வைத்தார்கள்.

அந்த மரத்தை ஒட்டியதுதான் முனிரத்னம்மாவின் ஊர். ஒரு நாள் லேபைத் துடைத்தபடியே சொன்னார்:

"வவ்வாலு பயந்துடும்னு எங்க ஊருல தீபாவளிக்கே வெடிக்க மாட்டோம் சார். புள்ளைங்க கம்பி மத்தாப்போட நின்னுக்கும். நீங்க என் வேலைய காப்பாத்துனீங்க. உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லியிருக்கலாம்.

பூச்சியை நான் அடையாளம் கண்டதில் பிழையில்லை. எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்லையும் இன்றும் மாற்ற மாட்டேன். ஆயினும் இத்துறைக்கு வரும் இளையோருக்கு ஒன்று சொல்வேன். பூச்சிக்குப் பெயர் சொன்னதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. வலை அடிக்கப்படும்வரை நான் அந்த மேலாளரை விட்டிருக்கக் கூடாது.

ஓய்வு பெற்றபின் ஒரு தீபாவளியன்று அவ்வழியே சென்றேன். மரம் வெறுமையாக நின்றது. ஊர்ப் பிள்ளைகள் அப்போதும் கம்பி மத்தாப்பு மட்டுமே பிடித்திருந்தார்கள்.