ஒரு அடுப்பு, ஒரு குடும்பம்

கடப்பாக்கம் மீனவர் குடியிருப்பில் கணக்கெடுப்பின் முதல் நாள். ஒரே தெருவில் பதினொரு புது அடுப்புகளைப் பார்த்தேன். எதிலும் கரி படியவில்லை.

பிழை என்னுடையது. கடலோரத்தில் வீடு கட்டித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். யாருக்கு வீடு என்று முடிவு செய்யும் டேப்லெட் படிவத்தை அணுசக்தித் துறைக் குடியிருப்பான அணுபுரத்தில், எங்கள் வீட்டு மேசை முன் உட்கார்ந்து தயாரித்தேன். விதிகள் மூன்று:

1. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம்.
2. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு.
3. விதிகளை மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

மூன்றாவதை, ஆட்டோவில் மைக் கட்டி, முந்தின நாளே ஒழுங்காக நிறைவேற்றியிருந்தேன்.

முதலில் போனது செல்வி அக்கா வீடு. ஒரே அறை, ஒன்பது பேர்: மாமியார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நான்கு பிள்ளைகள். செல்வி அக்கா இளைய மருமகள். அவருடைய நான்கு வயது மகள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"உன் பேர் என்ன கண்ணு?"

"நாங்க தனியா ஆக்குறோம்!"

"எத்தனை வயசு?"

"ஆயாகூட சண்ட!"

செல்வி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது: "அடியே செல்வி, கொழம்ப எறக்கு, அடி புடிக்குது!"

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். "இன்னா செல்வி, மாமியாள தள்ளி வெச்சிட்டியாமே? நல்லா கீது!"

கரண்டியோடு மாமியார் வெளியே வந்தார். "உனுக்கு இன்னாடி பேஜாரு? அடுப்ப வாங்கியாந்ததே நான்தான். என் மருமவளுக்கு வூடு வாணாமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "எய்திக்கோ பாப்பா. நாங்க பிரிஞ்சிட்டோம்."

செல்வி அக்கா மெதுவாகச் சொன்னார்: "கால் நீட்ட எடம் இல்லமா. அவரு படகுலதான் படுத்துக்கிறாரு."

கல்லூரியில் சமூகவியல் படித்தபோது குடும்பம், சமூகமயமாதல், சமூகக் கட்டுப்பாடு என மூன்று தனித்தனிப் பாடங்களாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இங்கே பத்து நிமிடத்தில் மூன்றும் ஒரே வாசலில் நின்றன. குழந்தை பாடம் கற்றுவிட்டது. ஊர் வாய் காவல் காக்கிறது. பிரிந்ததாகச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் குடும்பம் ஒற்றுமையாக இருக்கிறது.

இரண்டு குடும்பம் என்று பதிந்தால் பொய். ஒன்று என்று பதிந்தால் ஒன்பது பேரும் மறுபடி ஒரே வீட்டில். மேலாளருக்குப் போன் செய்தேன்.

"சார், பொய் சொல்றாங்க. ஆனா வீடு நிஜமாவே தேவை."

"ரூல் எழுதினது யாரும்மா?"

"நான்தான் சார்."

"அப்புறம் எனக்கு எதுக்குப் போன்? மாத்திட்டு மெயில் போடு. அப்ரூவ் பண்றேன்."

வாசற்படியில் உட்கார்ந்தே மாற்றினேன்: அடுப்பு எத்தனையானாலும், திருமணமான ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வீடு. மெயிலுக்குச் சம்மதம் வந்ததும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

மாமியார் சந்தேகமாகக் கேட்டார்: "அப்போ நாங்க சண்ட போட வாணாமா?"

"வேணாம்மா."

"நல்லதாப் போச்சு. காலைலேந்து இவகூட மனசு விட்டுப் பேசாம நாக்கு துடிச்சிகினு கீது."

இப்போதும் படிவம் எழுதுவதுதான் என் வேலை. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்கிறேன்: இதற்காக ஒரு குடும்பம் என்ன நடிக்க வேண்டியிருக்கும்? பதில் உடனே தோன்றினால், விதியை அழித்துவிடுகிறேன்.