சூடு தெரியாத கால்

மகேஸ்வரனுக்கு வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை முடிந்த ஐந்தாம் நாள், இன்சுலினை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். கஸ்தூரி நம்பவில்லை. இனிப்பு நீர் வியாதிக்காகப் பதினோரு ஆண்டுகளாகக் காலையும் மாலையும் அவன் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி குத்தியவள் அவள். அவன் இன்னும் நூற்றிருபது கிலோவுக்குக் குறையாமல் ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக் கட்டிலை நிறைத்துக் கிடந்தான்.

"எடை இறங்கவே இல்லையே டாக்டர். இனிப்பு நீர் மட்டும் எப்படி இறங்கும்?"

"சாப்பாடு போற வழிய மாத்திட்டோம். அதுல உடம்போட கணக்கே மாறுது. சில பேருக்கு உடனே இறங்கிடும்." டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார். "நோய் ஒழிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஒதுங்கி நிக்குது, அவ்வளவுதான்."

கஸ்தூரி பாதிதான் கேட்டாள். அறுவைக்கு முந்தின நாள் அவள் அம்மனிடம் வேண்டியிருந்தாள். இனிப்பு நீர் போனால் என் புருஷன் பூக்குழி இறங்குவார் என்று. தங்கள் ஊரான பத்து பாகாட்டுக்குத் திரும்பும் வழியில் காரில்தான் அவனிடம் சொன்னாள்.

"நேந்துக்கிறது நீ, நெருப்புல நடக்கிறது நானா?" என்று சிரித்தான். சிரித்தால் தையல் இழுத்தது.

மகேஸ்வரன் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவன். கஸ்தூரி வேலை செய்யும் சட்டைத் தொழிற்சாலைக்கும் அவன்தான் பெண்களை ஏற்றி வருவான். ஓர் ஆண்டில் நாற்பத்திரண்டு கிலோ போனது. கையிலும் கழுத்திலும் தோல் தொங்கியது. பஸ்ஸில் ஏறும்போது, கூட வேலை செய்யும் ரூபினி தினமும் கேட்பாள், "அக்கா, பழைய டிரைவர எங்க வித்தீங்க? இந்தத் தம்பி யாரு?" கஸ்தூரி வெட்கப்படுவாள். வீட்டில் மூன்று கரண்டிக் கஞ்சிக்கு மேல் அவனுக்கு இறங்காது. எதிரில் உட்கார்ந்து முழுத் தட்டுச் சோற்றைச் சாப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடப் பழகினாள்.

மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு ஐந்து புள்ளி ஆறு என்று வந்தது; நோயில்லாதவர் அளவு. அன்று கிளினிக்கில் நர்ஸ் மிஸி அவன் பாதங்களையும் பார்த்தாள். கண்ணை மூடச் சொன்னாள். மெல்லிய நைலான் இழையால் அடிப்பாதத்தைத் தொடும்போதெல்லாம் 'ஆமா' சொல்ல வேண்டும்.

"ஆமா," என்றான் மகேஸ்வரன். "ஆமா. ஆமா."

"நான் இன்னும் தொடவே இல்ல லா, அங்கிள்."

கஸ்தூரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிஸி சிரிக்கவில்லை. "இன்சுலின் நின்னுடுச்சு, சரி. செத்த நரம்பு திரும்பி வராது ஆண்ட்டி. தினமும் கால் அடிய நீங்க பாக்கணும். வெறுங்காலோட விடாதீங்க."

சரி என்றாள் கஸ்தூரி. மூன்று வாரத்தில் திருவிழா. அன்று ஒரு நாள்தானே வெறுங்கால், அதுவும் அம்மன் சந்நிதியில் என்று நினைத்துக்கொண்டாள்.

திருவிழா அன்று மகேஸ்வரன் மஞ்சள் வேட்டி கட்டி வரிசையில் நின்றான். முன்னால் போனவர்கள் நாலே எட்டில் தணலைத் தாண்டிப் பாய்ந்து, அதன் முடிவில் பால் ஊற்றி வைத்திருந்த பால்குழியில் விழுந்தார்கள். அவன் நடந்தான். பஸ் நிறுத்தத்துக்கு நடப்பதுபோல நடந்தான். நடுவில் ஒரு கணம் நின்று கஸ்தூரி எங்கே என்று கூட்டத்தில் தேடினான்.

"என்னா நிதானம் பாரு!" என்றார் கோயில் கமிட்டி லெட்சுமணன். "ஆத்தா தூக்கிட்டுப் போறா!"

கஸ்தூரி கைகூப்பி அழுதாள்.

நான்காம் நாள் அவன் காலுறையைக் கழற்றியபோது இடது குதிகாலின் தோல் அதோடு வந்தது. அவனுக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்துதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

பூக்குழியில் கால் சுட்டால் விரதத்தில் குறை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உண்மைய சொல்லுங்க. விரதத்துல என்ன சாப்பிட்டீங்க?"

"மூணு கரண்டிக் கஞ்சிக்கு மேல உள்ள போகாது. நான் எங்க போயி என்னத்த தின்னுட்டேன்?"

"பின்ன ஏன் சுட்டுச்சு?"

"சுடலையே," என்றான் அவன். "எனக்கு ஒண்ணுமே சுடல."

யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். நெருப்புக் காயத்துக்கு மருந்து போட்டால் குறையை ஒப்புக்கொண்டதாகும். மஞ்சளைக் குழைத்துத் திருநீறோடு அப்பினாள். இரண்டு காலுறை மாட்டி வேலைக்கு அனுப்பினாள். இரண்டு காலுறை ஏன் என்று ரூபினி கேட்டபோது புதுச் சப்பாத்து காலைக் கடித்துவிட்டது என்றாள். பதினான்கு நாள் அப்படியே போனது. பதினைந்தாம் நாள் குளிர்க்காய்ச்சலில் அவனால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை.

"எப்படிச் சுட்டுச்சு?" என்று கேட்டார் அவசரப் பிரிவு டாக்டர்.

"சுடுதண்ணி," என்றான் மகேஸ்வரன், கஸ்தூரியைப் பார்க்காமல்.

"பூக்குழி," என்றாள் அவள். "நான்தான் நேந்துக்கிட்டேன். நான்தான் மஞ்சள் போட்டேன். பதினெட்டு நாளாச்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு வரை போயிருந்தது. மறுநாளே இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம் அவன் கூப்பிட்டான்.

"கஸ்தூரி, எரியுது."

"எங்க?"

"கால்ல."

அவள் வலது காலைத் தொட்டாள். அவன் தலையசைத்தான். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டினான்.

"குதிகால். தணல் மேல நிக்கிற மாதிரி இருக்கு."

நெருப்பில் நின்றபோதுகூட அந்தக் காலில் ஒன்றுமே சுடவில்லை என்றவன் அவன். அவள் மேசை விசிறியை இழுத்து வந்து வெறும் மெத்தையின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றான்.

அவள் நகர்த்தினாள்.