மொசைக் தரையை மிதிக்காதவர்கள்

என் கணவருக்கு வேலை போனபோது நான் கவலைப்படவில்லை. மங்கரே விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் அவர் பார்த்த வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஓய்வுபெறும் வயதும் நெருங்கிவிட்டது, வீட்டில் ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு மனிதர் வீட்டில் இருப்பது என்றால் என்ன என்பது இரண்டாவது வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. என் தூள் போத்தல்களை எல்லாம் உயரப்படி அடுக்கினார். நான் குழம்பு வைத்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனார். ஏதாவது சொல்லிவிட்டுக் குறைத்தாலாவது சண்டை பிடிக்கலாம்.

சண்டைக்குக்கூட அவரிடம் பேச்சு இல்லை என்பதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஓம், இல்லை, தேத்தண்ணி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நாட்களை ஓட்டினார். முன்பெல்லாம் வேலையால் வந்ததும் மேற்பார்வையாளர் நடப்பதுபோல் நடந்து காட்டி என்னைச் சிரிக்க வைக்கிற மனிதர் அவர்.

அந்த நேரத்தில்தான் நகர நடுவில் உள்ள ஒரு காட்சிக்கூடம், ஆதிக் கிறிஸ்தவர்களின் மொசைக் ஓவியங்களை அதே அளவில் கல் கல்லாகப் பதித்துச் செய்த பிரதிகளைக் காட்டப்போகிறது என்றும், வழிகாட்டிகளாகத் தொண்டர்கள் வேண்டும் என்றும் எங்கள் ஊரான மனுரேவாவின் நூலகத்தில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். இவர் அதை நின்று வாசித்தார். பிறகு நூலகத்திலிருந்து தடித்தடிப் புத்தகங்களாகக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையை நிரப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. விண்ணப்பத்தை அனுப்பும்வரை விடாமல் நச்சரித்தது மட்டும்தான் என் பங்கு.

காட்சிக்கூடத்தார் ஒரு நிபந்தனை போட்டார்கள். சொந்தமாக ஒரு குழுவைக் கூட்டிவந்து, எந்த மொழியிலும் சரி, ஒருமுறை சுற்றிக்காட்ட வேண்டும். தலைமை வழிகாட்டி கூடவே வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வாரத்தில் இரண்டு நாள் வேலை. பிடிக்காவிட்டால் இவர் திரும்பவும் ஓம், இல்லை, தேத்தண்ணி.

குழு பிடிப்பது என் பொறுப்பாயிற்று. எங்கள் கோவிலில் மூத்தோர் வட்டம் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை கோவிலின் வான் வண்டியில் எங்காவது போய், கட்டிக்கொண்டு போனதைச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். மொசைக் பார்க்கப் போகிறோம் என்றதும், வவுனியாவில் தன் வீட்டு விறாந்தை முழுக்க மொசைக்தான், அதைப் பார்க்க ஒருவரும் வான் பிடித்து வந்ததில்லையே என்றார் என் அயல்வீட்டு அக்கா. கோவிலின் பழைய தலைவர் ஐயா வானை ஓட்டச் சம்மதித்தார், ஆனால் மத்தியானச் சாப்பாடு என்ன என்று கேட்ட பிறகுதான். தோசையும் கட்டைச் சம்பலும் வடையும் என்று வாக்குக் கொடுத்தேன். கிறிஸ்தவ விஷயமாயிற்றே, விளங்காவிட்டால் கேட்க ஒருவர் வேண்டும் என்று, எங்கள் தெருவில் இருக்கும் மலேசியத் தமிழ் டீச்சரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் தேவாலயத்துக்குப் போகிறவர். பாவம், தன்னை எதற்கு அழைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

வாசலில் தலைமை வழிகாட்டி காத்துக்கொண்டு நின்றார். நெட்டையான வெள்ளைக்காரப் பெண்மணி, முகத்தில் புன்னகை, கையில் பேனாகூட இல்லை. எழுதிக்கொள்ளாமல் கவனிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்.

உள்ளே மண்டபம் போன்ற அறை. நடுவில் இத்தாலியத் தேவாலயம் ஒன்றின் தரை, அப்படியே. வலை வீசும் மீனவர்கள், கடல் நிறைய மீன்கள், தோளில் ஆட்டைச் சுமந்த மேய்ப்பன், ஓரத்தில் மயில்கள். எல்லாம் நகத்தளவுக் கற்கள். தரை என்பது நடப்பதற்குத்தான், பார்வையாளர்கள் அதன்மேல் தாராளமாக நடந்து பார்க்கலாம் என்பது காட்சிக்கூடத்தின் பெருமை. இவரும் அந்த இடத்திலிருந்துதான் தன் பேச்சைத் தொடங்கத் திட்டமிட்டிருந்தார். மீனவர்கள் மேல் போய் நின்று, எங்களைப் பார்த்து வாருங்கள் என்று கைகாட்டினார்.

ஒருவரும் அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் அறை வாசலிலேயே செருப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருந்தார்கள். ஐயா தன் சப்பாத்துக்குள் காலுறையைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"சாமிப் படத்தை மிதிக்கேலாது, தம்பி," என்றார் அயல்வீட்டு அக்கா. "நீங்களும் இறங்குங்கோ."

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள், தீர்ப்புச் சொல்லட்டும் என்று. டீச்சர் தானும் எப்போது செருப்பைக் கழற்றினோம் என்று தெரியாமல் நின்றார். "எனக்குத் தெரியாது லா," என்றார். "எங்க சர்ச்சுல கீழ கார்ப்பெட்தான்."

இவர் இறங்கினார். பாடமாக்கி வைத்திருந்த பேச்சு முழுவதும் நடந்துகொண்டே சொல்வதாக இருந்தது. நடை போனதும் பேச்சும் போய்விட்டது. குழு தன் பாட்டுக்கு, கும்பிட்ட கையோடு, தரையை வலமாகச் சுற்றத் தொடங்கியது. மயில்களிடம் வந்தபோது ஒரு கணம் நின்று, உரிமையோடு பார்த்தார்கள். தலைமை வழிகாட்டியின் புன்னகை அப்படியே இருந்தது. காவலாளி என்னிடம் வந்து, வாசலை மறித்துக் கிடக்கும் இந்தக் காலணிகள் யாருடையவை, ஏதும் ஆபத்தா என்று மெதுவாகக் கேட்டார். நான் குனிந்து அவற்றைச் சுவரோரமாக அடுக்கத் தொடங்கினேன். எனக்கு அழுகை வந்தது. முப்பது சொல்லாவது கதையுங்கோ என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

அப்போது ஐயா தரையின் ஒரு மூலையில் குனிந்து நின்றார். அங்கே வட்டத்துக்குள் ஏதோ எழுதியிருந்தது. அது என்ன மந்திரமோ என்று கேட்டார்.

"மந்திரமில்லை ஐயா," என்றார் என் கணவர். "உபயம்."

அறையே நிமிர்ந்து பார்த்தது. ஒருவர் தன் குடும்பத்தோடு சேர்ந்து இவ்வளவு அடி தரை போட்டுக் கொடுத்தார் என்று அதில் எழுதியிருக்கிறதாம். அந்தக் காலத்துத் தேவாலயங்களில் அப்படித்தானாம், பெயர் போட்டுத்தான் கொடுப்பார்களாம். எங்கள் கோவிலில் தளம் போட்டபோது, உபயகாரர் ஒருவரின் பெயர்ப்பலகை செருப்புத் தட்டுக்குப் பின்னால் போய்விட, அதனால் வந்த சண்டையில்தான் ஐயா தலைவர் பதவியை விட்டார். அவர் விடுவாரா? பெயரை எங்கே போட்டார்கள், பீடத்துக்குக் கிட்டவா, வாசல் பக்கமா, கூடக் கொடுத்தவருக்குப் பெரிய எழுத்தா என்று விசாரணையைத் தொடங்கினார். அக்கா, அப்படியானால் அந்த மனிதரின் பெயரையும் சனம் மிதித்துத்தானே போயிருக்கும் என்று கேட்டார். அந்தக் காலத்திலும் இந்தக் கேள்வி வந்தது, சிலுவையைத் தரையில் போடக் கூடாது என்று ஓர் அரசனே கட்டளை போட்டான் என்றார் இவர். அக்கா வெற்றியோடு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு இவரை நிறுத்த முடியவில்லை. கேள்விக்கு மேல் கேள்வி. மீனவனுக்கு ஏன் இறக்கை, மேய்ப்பனுக்கு ஏன் தாடி இல்லை, கல்லுக்கு இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது. தன் பெயர் வாசலில் விழுந்துவிட்ட உபயகாரர் எப்படி முகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார் என்று இவர் நடந்து காட்டினார். ஐயாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்குக் காரணம் என்ன என்று தலைமை வழிகாட்டி என்னிடம் கேட்டார். ஸ்பான்சர் விஷயம் என்றேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தபடி தலையாட்டினார்.

குழுவை வானில் அனுப்பிய பிறகு தலைமை வழிகாட்டி எங்களை நிறுத்திப் பேசினார். தமிழ்க் குழுக்களை மாதம் ஒருமுறை இவரே கூட்டிவரலாம். ஆங்கிலச் சுற்றுக்கு இன்னும் கொஞ்சநாள் மற்றவர்களோடு நடந்து பழக வேண்டும். தனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் தன் வழிகாட்டிகளுக்குப் பின்னால் இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டு போன கூட்டத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். வாரம் இரண்டு நாள் கிடைக்கவில்லைதான். ஆனால் அந்த நடையைத் திரும்பப் பார்த்த எனக்கு அன்றைக்கு அதுவே போதும்போல இருந்தது.

ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நெடுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்.

"எல்லாரும் கேள்வி கேட்டவை. நீர் மட்டும் ஒண்டும் கேக்கேல்லை."

செருப்பு அடுக்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது வெறும் சாக்கு. அன்றைக்கு மட்டுமா, அவர் அந்தப் புத்தகங்களைச் சுமந்து வந்த நாளிலிருந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரை எங்கே அனுப்பலாம் என்று பார்த்தேனே தவிர, அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்க்கவில்லை.

"அந்தக் கடலுக்கை ஒரு பெரிய பிராணி ஆளை விழுங்குது," என்றேன். "அது ஆர்?"

அவர் உடம்பையே என் பக்கம் திருப்பினார். பைபிளில் வரும் அந்த ஆளைக் கடவுள் ஒரு ஊருக்குப் போகச் சொன்னதிலிருந்து தொடங்கினார். நாங்கள் இறங்க வேண்டிய மனுரேவா வந்தது, கதவு திறந்தது, மூடியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆள் இன்னும் மீனின் வயிற்றுக்குள் இருந்தார்; இவர் சொல்லி முடிக்கட்டும் என்று, அதையும் தாண்டிப் பாப்பகூரா வரை போனேன்.